மூன்றாம் தடத்தில் ஒரு சுற்று

1994 ஜனவரி 23, ஞாயிற்றுக்கிழமை, மாலை நாலு இருபதுக்கு வலியுல்லாவின் பச்சைக் கார் சுரங்கத்துக்குள் நுழைந்தது; மறுபக்கம் வெளியே வரவில்லை. சுரங்கத்தின் நீளம் இரண்டரை அடி. பக்கத்துத் தடங்களில் அதே நேரம் உள்ளே போன மூன்று கார்களும் வழக்கம்போல வந்துவிட்டன. சுரங்கத்தைச் செய்த தச்சர் முருகையன் அதன் மேல்மூடியைத் திருப்புளியால் கழற்றித் தூக்கிப் பார்த்தார். உள்ளே கார் ஓடும் பள்ளம் இருந்தது, பள்ளத்தின் இரு ஓரமும் தாமிரப் பட்டை இருந்தது, ஒரு செத்த கரப்பான் இருந்தது. கார் இல்லை. மூடியைத் திரும்ப வைத்துத் திருகினார். டீ ஏற்கெனவே சொல்லியாகிவிட்டதால் அன்றைய பந்தயத்தை மற்ற மூன்று தடங்களில் நடத்தி முடித்தார்கள்.

மயிலாப்பூர் ஸ்லாட் கார் கிளப் லஸ்ஸிலிருந்து கூப்பிடு தூரத்தில், ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டின் மாடியில் இருந்தது. கீழே பெண்கள் டைப் அடிக்கும் சத்தமும் மேலே கார் ஓடும் சத்தமும் ஒன்றையொன்று சகித்துக்கொண்டன. ஸ்லாட் கார் என்றால் பெரிய வித்தை ஒன்றுமில்லை. பலகையில் வெட்டிய பள்ளத்தில், உள்ளங்கையளவு கார் ஒன்று தன் அடிவயிற்று முளையைச் செருகிக்கொண்டு ஓடும். பட்டைகளில் பன்னிரண்டு வோல்ட் கரண்ட் வரும். ஓட்டுபவர் கையில் துப்பாக்கி விசை மாதிரி ஒரு ட்ரிக்கர். அழுத்தினால் வேகம், விட்டால் நிற்கும், வளைவில் பேராசைப்பட்டால் கார் பறந்துபோய் யாருடைய மடியிலாவது விழும். அடையாறு ஆற்றங்கரைக் குடிசைப் பகுதியிலிருந்து சைக்கிளில் வந்து, நாலு தடமும் ஏழு வளைவும் ஒரு சுரங்கமுமாக இந்தப் பலகையை இழைத்துக் கொடுத்தவர் முருகையன். வேலை முடிந்த அன்று ஒரு தடவை ஓட்டிப் பார்த்தவர், அதற்கப்புறம் உறுப்பினராகிவிட்டார். செயலாளர் ராமானுஜம், ரயில்வேயில் கால அட்டவணை போடும் பிரிவில் முப்பத்தோரு வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். ஓடுகிற எதுவும் ஓர் இடத்தில் கிளம்பி இன்னோர் இடத்துக்கு ஒரு நேரத்தில் வந்துசேர வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு மதம் இருந்ததாகச் சொல்ல முடியாது, நெற்றியில் நாமம் இருந்தாலும்.

கார் காணாமற்போனதும் வலியுல்லா ட்ரிக்கரை விடவில்லை. அதுதான் அவர் செய்த நல்ல காரியம். மூன்றாம் தடத்தின் ஆம்பியர் மீட்டரில் முள் அரையை ஒட்டி நடுங்கிக்கொண்டிருந்தது. கொஞ்சம் தளர்த்தினார், முள் இறங்கியது. அழுத்தினார், ஏறியது. எங்கேயோ மோட்டார் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. மீட்டர் பொய் சொல்லாது. அது பழைய டேப் ரெக்கார்டரிலிருந்து வலியுல்லா கழற்றிப் போட்ட மோட்டார். நின்றுவிட்டால் தானாகக் கிளம்பாது, காரின் தலையில் விரலால் ஒரு தட்டுத் தட்டவேண்டும்.

“பாய், அத மட்டும் உட்டுறாத,” என்றார் முருகையன். “நின்னுச்சின்னா யாரு உள்ள போயி தட்டறது?”

அன்று மாலை வலியுல்லா, ஜாக்கெட்டுக்கு வைக்கிற எலாஸ்டிக்கை ட்ரிக்கரின்மேல் நாலு சுற்றுச் சுற்றிக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போனார். கரண்ட் போனாலும் தடம் சாகாமலிருக்க மேஜைக்கு அடியில் ஒரு லாரி பேட்டரியை இணைத்தார்கள். ராமானுஜம் பதிவேட்டில், வலியுல்லா என்ற பெயருக்கு எதிரே, ‘பதினேழாம் சுற்று நடந்துகொண்டிருக்கிறது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

வலியுல்லா தி. நகரில் பனகல் பார்க்குக்குப் பின்னால் தையல் கடை வைத்திருந்தவர். அவர் தைத்த ஜாக்கெட்டைப் போட்டவர்கள் வேறு கடைக்குப் போகமாட்டார்கள். கிளப்பில் அவர் சுமாரான ஓட்டுநர், படுமோசமான மார்ஷல். இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்லவேண்டும். கையில் ட்ரிக்கர் இல்லாதவர் எவரும் அந்த மாடியில் சும்மா உட்காரக்கூடாது. வளைவில் மார்ஷலாக நின்று, தூக்கியெறியப்படும் காரை எடுத்துப் பள்ளத்தில் வைக்கவேண்டும், நின்றுபோன காரைத் தட்டிவிடவேண்டும். டாக்டரானாலும் சரி, ஒருமுறை பார்வையிட வந்த கல்லூரி முதல்வரானாலும் சரி, ஓட்டாதவர் மார்ஷல். வலியுல்லாவும் நிற்பார். ஆனால் விழுந்த காரை எடுத்து, ஊதி, சக்கரத்தைச் சுற்றிப் பார்த்து, “போ நைனா, போ,” என்று சொல்லித்தான் வைப்பார். அதற்குள் மற்றவர்கள் இரண்டு சுற்று முடித்திருப்பார்கள். போதாக்குறைக்கு அவர் தொட்ட கார்களிலெல்லாம் நீலத் தையல் சாக்பீஸின் கட்டைவிரல் ரேகை இருக்கும். அவருக்காக மட்டுமே பதினோராம் விதி போடப்பட்டது: காரில் கறை வைக்கிற மார்ஷல் அடுத்த சனிக்கிழமை எல்லோருக்கும் டீ கொண்டுவரவேண்டும். அந்த விதி வந்த நாளிலிருந்து கிளப்பில் டீக்குப் பஞ்சமே இருந்ததில்லை.

ஒன்றே முக்கால் வருடம் இப்படிப் போயிற்று. பறக்கும் ரயிலுக்கு லஸ் பக்கம் தூண்கள் எழும்பின. சனிக்கிழமைகளில் வலியுல்லா எலாஸ்டிக்கை அவிழ்த்து, ஒரு மணி நேரம் தன் கையாலேயே ட்ரிக்கரைப் பிடித்துக்கொண்டு, காலித் தடத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். அவர் ஓட்டிக்கொண்டிருப்பதாகவே கணக்கு என்பதால் அவரை யாரும் மார்ஷலாக நிற்கக் கூப்பிடவில்லை. சட்டப்படி அதுவே சரி. 1995 நவம்பர் 18, சனிக்கிழமை, அவர் வரவில்லை. மாலை நாலு இருபதுக்கு மூன்றாம் தடத்து முள் ஒரு துள்ளுத் துள்ளி, பழைய இடத்துக்கே வந்து நின்றது. பலகையைச் சுற்றியிருந்த ஒன்பது பேரும் அதைப் பார்த்தார்கள். ஐந்து மணிக்கு அவர் வீடு இருந்த கச்சேரி ரோட்டிலிருந்து ஆள் வந்து, வலியுல்லா மாரடைப்பில் போய்விட்டார் என்றார். எத்தனை மணிக்கு என்று ராமானுஜம் கேட்கவில்லை. அவருக்குத் தெரிந்திருந்தது, தெரிந்ததற்காக அவர் தன்னையே கொஞ்ச நாள் வெறுத்தார்.

துக்கம் காக்கும் இத்தா, நாலு மாதம் பத்து நாள், முடிந்த அடுத்த சனிக்கிழமை வலியுல்லாவின் மனைவி ஜைதூன் பீ கறுப்பு புர்கா அணிந்து மாடியேறி வந்தார். கடையை ஒப்படைத்தாகிவிட்டது, மெஷின் போய்விட்டது, பாதியில் நின்ற துணிகளையெல்லாம் வெட்டியபடியே உரியவர்களிடம் கொடுத்தாகிவிட்டது என்றார். பிறகு எலாஸ்டிக் சுற்றிய ட்ரிக்கரைக் காட்டிக் கேட்டார்.

“இது அவரு கட்டனதா சார்?”

ஆமாம் என்றார் ராமானுஜம்.

“அவரு கையி ஓடவுட்ட சாமான் எல்லாமே நின்னு போச்சி சார். இது ஒண்ணுதான் இன்னும் ஓடிக்கினு கீது. நான் வந்து பிடிச்சிக்கினா தப்பா?”

விதியில் தடை ஒன்றும் இல்லை. ஓட்டுநரை மாற்றிக்கொள்ள நான்காம் விதி இடம் கொடுக்கிறது. வண்டி நிற்காமல் கை மாறவேண்டும், அவ்வளவுதான். ஜைதூன் பீ தன் விரலை ட்ரிக்கரில் வைத்த பிறகே எலாஸ்டிக்கை அவிழ்த்தார்கள். அது முதல் சனிக்கிழமை தவறாமல் வந்து ஒரு மணி நேரம் ஓட்டினார். முள் ஆடுவதை அவர் பார்க்கும் முகத்தைப் பார்த்தவர்கள், தங்கள் கார் வளைவில் விழுந்ததைக்கூடக் கவனிக்கவில்லை.

1997 ஆகஸ்டில் ராமானுஜத்துக்குப் பொறி தட்டியது. சுரங்கத்தின் நட்டநடுவில் முருகையன் இரண்டு பலகைகளை இணைத்திருக்கிறார்; அந்த இணைப்பில் எந்தக் கார் ஏறினாலும் முள் ஒரு துள்ளுத் துள்ளும். அப்படியானால் வலியுல்லா போன அன்று முள் துள்ளியது பாதி வழியில். நுழைந்ததிலிருந்து பாதிக்கு அறுநூற்று அறுபத்து நாலு நாள். மீதிப் பாதிக்கும் அதே அறுநூற்று அறுபத்து நாலு. காலண்டரை மடியில் வைத்துக்கொண்டு மூன்று தடவை எண்ணினார். செப்டம்பர் 12, வெள்ளிக்கிழமை, மாலை நாலு இருபது. முப்பத்தோரு வருட வேலையில் இப்படி ஒரு வண்டிக்கு நேரம் குறித்ததில்லை என்று மனைவி விசாலாக்ஷியிடம் சொன்னார். அந்த அம்மாள் பேப்பரை அவர் பக்கம் தள்ளினார். “அன்னிக்குப் பூரா நம்ம பக்கம் கரண்ட் கிடையாதாம், போட்டிருக்கான் பாருங்கோ. ஒம்போதுலேர்ந்து அஞ்சு வரைக்கும் பராமரிப்பு.”

எட்டு மணி நேரம். அந்தக் கிழட்டு லாரி பேட்டரி ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் தாங்காது. முள் ஒருமுறை பூஜ்யத்துக்கு வந்துவிட்டால் கார் வாசலுக்குச் சற்று முன்னால் நின்றுவிடும், நின்றால் கிளம்பாது, ஜைதூன் பீக்குக் காலித் தடம் மட்டுமே மிஞ்சும். அவசரக் கூட்டம் கூடிற்று. காலித் தடத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேலைநாளில் பதினைந்து பேரை லீவு போடச் சொன்னால் போடமாட்டார்கள். பந்தயம் என்றால் போடுவார்கள். இந்த அளவுக்கு மனிதர்களைத் தெரிந்தவர் ராமானுஜம். கிளப்பின் முதல் பன்னிரண்டு மணி நேரப் பந்தயம், காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை, என்று அறிவித்தார். அணிக்கு ஐந்து பேர், மூன்று அணி. ஒன்று, இரண்டு, நாலாம் தடங்களில் மணிக்கொரு தடம் மாறி ஓட்டவேண்டும். தடத்துக்குத் தடம் நீளம் வேறு, ஆகவே மாறினால்தான் நியாயம். மூன்றாம் தடத்தில் வலியுல்லா அணி, மாற்றமில்லை, ஓட்டுநர் ஜைதூன் பீ. நுழைவுக் கட்டணம், ஆளுக்கு ஒரு சார்ஜ் ஏற்றிய பேட்டரி.

ஒரு மாதம் திட்டம் போட்டார்கள். கல்யாணத்துக்குக்கூட அத்தனை பேசியிருக்கமாட்டார்கள். கிண்டி தொழிற்பேட்டையில் அப்பாவோடு பேட்டரிக் கடை நடத்தும் ஷீலா, கிளப்பிலேயே வேகமானவள், எந்த பேட்டரி எத்தனை மணிக்குச் சோரும், எதை எப்போது மாற்றுவது என்று அட்டையில் எழுதி மாட்டினாள். மாற்றும்போது புதியதை இணைத்த பிறகே பழையதைக் கழற்றவேண்டும் என்று பதினான்கு பேருக்கும் தனித்தனியே செய்துகாட்டினாள். யார் எந்த வளைவில் எந்த மணிக்கு மார்ஷல் என்பதற்கு ராமானுஜம் நாலு நிறத்தில் அட்டவணை வரைந்தார். சுரங்கத்துக்கு மட்டும் யாரையும் போடவில்லை. உள்ளே கை நுழையாது. ஒரே ஒரு விஷயத்தில் தகராறு வந்தது. மணிக்கொரு தடவை தடம் மாறும்போது விசில் ஊதி, நாலு தடத்துக்கும் பொதுவான மெயின் சுவிட்சை இறக்குவது வழக்கம். மூன்றாம் தடத்துக்குத் தனி ஒயர் இழுத்துவிடலாம் என்றார் முருகையன்.

“பொது சுவிட்ச்லேர்ந்து வராத தடம் பந்தயத்துலேயே சேர்த்தி இல்லே,” என்றார் ராமானுஜம். “அப்புறம் அவர் சுற்றை நான் எப்படிப் பதியறது? விசிலோட நிறுத்திப்பேன். சுவிட்சைத் தொடமாட்டேன், பாத்துண்டே இருங்கோ.”

முருகையன் முனகிக்கொண்டே ஒப்புக்கொண்டார். ஞாபகத்துக்காக ராமானுஜம் சுவிட்சின் தலையில் தன் கைக்குட்டையைக் கட்டிவைத்தார்.

செப்டம்பர் 12 காலை ஐந்தரைக்கெல்லாம் மாடிப்படி முழுக்க பேட்டரிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. உறுப்பினரான ஒரு டாக்டர் தன் காரிலிருந்து கழற்றியதை மடியில் வைத்துக்கொண்டு 5பி பஸ்ஸில் வந்திருந்தார். ஒருவர் ஆட்டோவிலிருந்து கழற்றிக்கொண்டு வந்திருந்தார். ஆட்டோவை என்ன செய்தார் என்று தெரியவில்லை. ஜைதூன் பீ வீட்டில் தொழுதுவிட்டு வந்து, ஆறு மணிக்கு விரலை வைத்தார். பன்னிரண்டு மணி நேரமும் தானே ஓட்டப்போவதாகச் சொல்லியிருந்தார், யாரும் மறுக்கவில்லை. ஒன்பது மணிக்கு மின்விசிறி நின்றது, கீழே இன்ஸ்டிட்யூட்டில் விளக்கு அணைந்தது, மேலே நாலு முள்ளும் அசையவில்லை. ஷீலா மட்டும் பெருமூச்சு விட்டாள். பத்து, பதினொன்று, பன்னிரண்டு, ஒன்று: விசில் ஊதியது, மூன்று அணிகளும் காரை நிறுத்தித் தடம் மாறின, பச்சைக் காரின் முள் அரையில் நடுங்கியபடியே இருந்தது. ஒன்றரைக்கு விசாலாக்ஷி அனுப்பிய தயிர்சாதம் வந்தது. ஜைதூன் பீ இடது கையால் இரண்டு வாய் சாப்பிடத் தயங்கியதைப் பார்த்து ஷீலா உருட்டி ஊட்டிவிட்டாள்.

இரண்டு மணிக்கு ராமானுஜம் விசில் ஊதினார். வயிறு நிறைந்திருந்தது, மாடி புழுங்கியது, ஒன்பது வருடப் பழக்கம் இடது கையில் இருந்தது. மூன்றாம் தடத்தின் முள் பூஜ்யத்தில் விழுந்ததை எல்லோரும் பார்த்த பிறகுதான், தன் கையில் கைக்குட்டை வந்திருப்பதை அவர் பார்த்தார். உடனே சுவிட்சை ஏற்றினார். மற்ற மூன்று முட்களும் எழுந்தன. மூன்றாவது எழவில்லை. ஜைதூன் பீ ட்ரிக்கரை விரல் வெளுக்க அழுத்திக்கொண்டிருந்தார். ஒரு நிமிடம் போயிற்று. யாரும் ராமானுஜத்தைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். எழுபதை நெருங்கும் அந்த மனிதர் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு, சத்தம் வராமல் அழுதார். முருகையன் திருப்புளியை எடுத்து, சுரங்கத்தின் மூடிவரை போய், உள்ளே ஒன்றும் இருக்காது என்று தெரிந்து நின்றுவிட்டார்.

ஜைதூன் பீ விரலை எடுக்கவில்லை. சுரங்க வாசலைப் பார்த்து, வீட்டில் பக்கத்து அறையில் இருப்பவரிடம் சொல்வதைப்போலச் சொன்னார்.

“இந்தாங்க, வண்டி நின்னுபோச்சி. நாந்தான் ஓட்டிக்கினு கீறேன். ஓட்டாதவங்க மார்ஷலுன்னு நீங்கதான சொல்லுவீங்க. சும்மா உக்காந்துக்கினு இருக்கக் கூடாதில்ல.”

அவர் சொன்னது முழுக்க முழுக்க விதிப்படி சரி. ஓட்டுநர் மாறிய நாளிலிருந்து வலியுல்லாவுக்கு மார்ஷல் முறை இருந்தது. அட்டவணையில் போடாமல் விட்டது செயலாளரின் குறை. எல்லோரும் காத்திருந்தார்கள். விழுந்த காரை எடுத்து, ஊதி, சக்கரத்தைச் சுற்றிப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் ஆயிற்று. இரண்டு மணி மூன்று நிமிடத்துக்கு முள் சற்றே சிலிர்த்து, எழுந்து, அரையில் வந்து நின்று நடுங்கத் தொடங்கியது.

“அவரு எப்பவுமே ஸ்லோ,” என்றாள் ஷீலா.

மீதி நேரம் பந்தயம் நடந்தது. ஷீலாவின் அணி ஜெயித்தது என்று பதிவேடு சொல்கிறது. நாலு மணிக்கு மேல் யாரும் தங்கள் காரைப் பார்த்து ஓட்டவில்லை. நாலு இருபதுக்குச் சுரங்கத்திலிருந்து ஒன்றும் வரவில்லை. ராமானுஜம் மட்டும் கடிகாரத்தைப் பார்த்துத் தலையசைத்தார். நாலு இருபத்து மூன்றுக்குப் பச்சைக் கார் வெளியே வந்தது. சக்கரத்து ரப்பர் தேய்ந்து மொட்டையாகி இருந்தது, வேகம் குறையவில்லை. கடைசி வளைவை ஒழுங்காகத் திரும்பிக் கோட்டைத் தாண்டியது. அதன் பிறகே ஜைதூன் பீ விரலை எடுத்தார். பத்து மணி நேரத்துக்கு மேல் மடங்கியிருந்த விரல் நிமிர மறுத்தது, ஷீலா பிடித்து நீவிவிட்டாள். முருகையன் காரை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார். மோட்டார் இளஞ்சூடாக இருந்தது. காரின் கூரையில் நீல சாக்பீஸில் ஒரு கட்டைவிரல் ரேகை இருந்தது, தொட்டால் கையில் ஒட்டும் அளவுக்குப் புதிதாக. ஜைதூன் பீ அதைத் தொடவில்லை. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்தவர்கள் அழுதார்கள், அவர் அழவில்லை.

ராமானுஜம் மூக்கைச் சிந்திவிட்டுப் பதிவேட்டைத் திறந்தார். ‘பதினேழாம் சுற்று முடிந்தது. மூன்று நிமிடம் தாமதம், செயலாளரின் தவறால்’ என்று எழுதினார். பேனாவை மூடப்போனவர், காரின் கூரையை இன்னொரு தரம் பார்த்தார்.

“ஜைதூன்மா, தப்பா எடுத்துக்கப்படாது. விதின்னு ஒண்ணு இருக்கு. கறை வெச்ச மார்ஷல்...”

“தெரியும் சார்,” என்றார் ஜைதூன் பீ. கணவர் போனதற்கப்புறம் அவர் சிரித்ததை அன்றுதான் முதலில் பார்த்தார்கள். “நாளைக்கி சனிக்கிழமதான. கொணாந்துடறேன்.”

கொண்டுவந்தார், பதினைந்து பேருக்கு, இரண்டு பிளாஸ்க் நிறைய. அடுத்த பந்தயத்திலிருந்து ராமானுஜத்தின் அட்டவணையில் சுரங்கத்துக்கு எதிரே வலியுல்லாவின் பெயர் இருக்கிறது. அந்த இடத்துக்கு வேறு ஆள் தேவைப்பட்டதில்லை. உள்ளே எந்தக் கார் நின்றாலும் மூன்று நிமிடத்தில் வந்துவிடுகிறது. சீக்கிரம் வரவேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. கூரையில் கறை இருந்தால் மறு சனிக்கிழமை ஜைதூன் பீ டீ கொண்டுவருவார். அதில் சர்க்கரை, வலியுல்லாவுக்குப் பிடித்த மாதிரி, ஒரு கரண்டி கூடவே இருக்கும்.